வேண்டாம் என்று தெரிந்தும் கை போவது ஏன்?

ஒரு வீட்டில் முதலில் காணாமல் போவது பெரிய பொருளாக இருப்பதில்லை. அரிசி டின்னுக்கு அடியில் அம்மா மடித்து வைத்த பத்து வெள்ளி. அப்புறம் அண்ணனின் கைக்கடிகாரம். அப்புறம் குசினியில் இருந்த கேஸ் தோம்பு. கடைசியில், தாய் குளிக்கப் போகும்போது கழற்றி வைத்த சங்கிலி. யார் எடுத்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே! லயத்து வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒரு பலகைச் சுவர்தானே.

ஒருநாள் இரவு தாய் பொறுக்க முடியாமல் கேட்கிறாள்: "தெரிஞ்சே ஏண்டா இப்படிச் செய்யிறே?"

மகன் அழுகிறான். தாயின் தலைமேல் கை வைத்து, "உன்மேல சத்தியம்மா, இனிமே தொடவே மாட்டேன்" என்கிறான். தாய் நம்புகிறாள். மூன்றாம் நாள் அவன் மறுபடியும் அதே இடத்துக்குப் போகிறான். "பெத்தவ தலையில அடிச்ச சத்தியத்தையே மிதிச்சவன், இவன் மனுஷனா?" என்று ஊர் பேசுகிறது.

வாசகர்களே, இது ஒரு வீட்டின் கதை அல்ல. தோட்டத்திலும், தோட்டத்தை விட்டுப் போய்க் குடியேறிய அடுக்குமாடி வீடுகளிலும் எத்தனையோ குடும்பங்களில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்துச் சொன்னேன். உங்கள் வீட்டில் நடக்காவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்திருக்கும். அந்தத் தாய் கேட்ட கேள்விக்குத்தான் இங்கே பதில் தேடப் போகிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தியம் செய்தபோது அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை.

முதல் நாள்

போதைப் பித்தனாக வேண்டும் என்று நினைத்து யாரும் தொடங்குவதில்லை. முதல் முறை அதைக் கையில் கொடுப்பவன் முகம் தெரியாத கள்ளனும் அல்ல. பெரும்பாலும் கூடப் படித்தவன், கூடப் பந்து விளையாடியவன், வேலையிடத்துக் கூட்டாளி. "ஒரு தடவைதானே!" என்பான். காசுகூடக் கேட்கமாட்டான்.

பிள்ளைகளிடம் பேசும்போது நாம் ஒரு தவறு செய்கிறோம். "அது விஷம், தொட்டால் அன்றைக்கே சாவாய்" என்று பயமுறுத்துகிறோம். அவன் தொடுகிறான், சாகவில்லை. அது சுகமாகவும் இருக்கிறது. அந்த நிமிடமே, அப்பா அம்மா சொன்னதெல்லாம் பொய் என்று முடிவு கட்டிவிடுகிறான். ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்வதே நல்லது.

ஹெராயின் எப்படி இருக்கும்? அடைமழை நாளில் நனைந்து வந்தவனை யாரோ கம்பளியால் போர்த்திவிட்டது போல இருக்கும். உடம்பு முழுதும் ஒரு சூடு பரவும். கால்வலி, கடன், அப்பாவின் ஏச்சு, பரீட்சையில் தோற்ற அவமானம் எல்லாம் எங்கேயோ தூரத்தில் யாருக்கோ நடந்தது போல ஆகிவிடும். கண் சொருகும். தலை தொங்கும்.

சியாபு இதற்கு நேர் எதிர். அது மெதம்பெட்டமின் என்னும் ரசாயனம். பட்டணத்தில் விற்கும் 'பில் குடா' மாத்திரையில் இருப்பதும் இதுவே. அதோடு காப்பியில் உள்ள காஃபின் சேர்ந்திருக்கும். உடம்பில் பத்து ஆள் பலம் வந்தது போலத் தோன்றும். பசிக்காது. இரண்டு மூன்று நாள் தூக்கமே வராது. இரவு ஷிப்ட் பார்ப்பவரும், நெடுந்தூரம் லோரி ஓட்டுபவரும் இதில் விழுவதற்குக் காரணம் அதுதான். ஆனால் அது இறங்கும்போது மனிதனையே கீழே தள்ளிவிட்டு இறங்கும். நாள்கணக்கில் சோர்வு, எரிச்சல், சாகலாமா என்ற எண்ணம். தொடர்ந்து எடுப்பவருக்கு இல்லாத குரல் காதில் கேட்கும்; பெண்டாட்டி பிள்ளையே தன்னைக் கொல்லப் பார்ப்பதாகச் சந்தேகம் வரும். பல் சொத்தையாகி உதிரும்.

கெத்தும் இலையை நம் வடமாநிலத்து வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெயிலில் வேலை செய்வதற்குத் தெம்பு வேண்டி அந்த இலையை மெல்வதும் அவித்துக் குடிப்பதும் பழைய வழக்கம். "இலைதானே, மரத்தில் காய்ப்பதுதானே" என்று நினைக்க வேண்டாம். அதிலுள்ள மித்ராஜினின் என்னும் சத்து, ஹெராயின் மூளையில் எந்த இடத்தைத் தொடுகிறதோ அதே இடத்தைத்தான் தொடுகிறது. இளைஞர்கள் அதில் இருமல் மருந்தைக் கலந்து குடிப்பது இன்னும் பெரிய ஆபத்து.

கள்ளையும் சம்சுவையும் இந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். "என் மகன் கஞ்சா அடிக்கிறான்" என்று கொதிக்கும் அப்பா, ஒரு கையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு கொதிப்பதை நாம் பார்த்ததில்லையா?

மூளையில் இருக்கும் பூட்டு

சரி, ஓர் இலையும் ஒரு பொடியும் மனிதனை எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன?

1954-ல் கனடா நாட்டு மோன்ட்ரியல் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இரு விஞ்ஞானிகள் ஓர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியை நுழைத்தார்கள். எலி ஒரு சிறு கட்டையை மிதித்தால் அந்தக் கம்பி வழியாக இலேசான மின்சாரம் பாயும். கம்பி சில இடங்களில் இருந்தபோது எலி கட்டையை மிதித்துக்கொண்டே இருந்தது. இப்படிப்பட்ட சோதனைகளில் மணிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் மிதித்த எலிகளும் உண்டு. பக்கத்தில் தீனி இருந்தும் திரும்பிப் பார்க்காத எலிகளும் உண்டு.

அந்த இடம் எலிக்கு மட்டும் உள்ளதல்ல. உங்களுக்கும் எனக்கும் உண்டு. பசித்தவன் சாப்பிடும்போது, பெற்றவள் பிள்ளையை அணைக்கும்போது அது வேலை செய்கிறது. "இது நல்லது, இதை மறக்காதே, மறுபடியும் தேடு" என்று மூளை தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் குறிப்பு அது. அந்தக் குறிப்பை எழுதும் மைக்கு டோபமின் என்று பெயர். சோறும் பாசமும் ஒரு துளி மையால் எழுதுகின்றன. சியாபு மைக்கூட்டையே கவிழ்த்துவிடுகிறது.

ஹெராயின் கதை இன்னும் வியப்பானது. 1973-ல், அபின் வகைப் பொருள்களுக்கென்றே மூளையில் பூட்டுப் போன்ற இடங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கசகசாச் செடியின் பாலுக்கு நம் தலைக்குள் எதற்குப் பூட்டு? 1975-ல் ஸ்காட்லாந்தில் விடை கிடைத்தது. வலியை ஆற்ற நம் உடம்பே அபின் போன்ற ஒரு சாவியைச் செய்துகொள்கிறது. கீழே விழுந்து அடிபட்டவனுக்கு முதலில் வலி தெரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஹெராயின் அந்தப் பூட்டில் நுழையும் கள்ளச் சாவி.

இதே ஹெராயினை 1898-ல் ஜெர்மனியின் பாயர் கம்பெனி இருமல் மருந்தாக விற்றது என்றால் நம்புவீர்களா? பழக்கத்தை உண்டாக்காது என்று அன்றைய டாக்டர்கள் பலர் நினைத்தார்கள். படித்தவர்களே ஏமாந்த பொருள் அது.

கடைக் கணக்கு

தோட்டத்துக் கடைக் கணக்கு நம் பாட்டன் பாட்டிக்கு நன்றாகத் தெரியும். மாதம் பிறந்ததும் அரிசி, பருப்பு, கருவாடு என்று கடனுக்கு வாங்குவார்கள். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப் போனால் சம்பளம் போதாது. மிச்சக் கடனோடு அடுத்த மாதம் தொடங்கும். கொஞ்ச நாளில், சாப்பிடுவதற்கு உழைப்பது போய்க் கடனைத் தீர்ப்பதற்கே உழைப்பதாகிவிடும்.

போதையும் அப்படித்தான். வெளியிலிருந்து சாவி வந்துகொண்டே இருந்தால், உடம்பு தன் சாவியைச் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது, பூட்டுகளும் மந்தமாகிவிடுகின்றன. நேற்றைய அளவு இன்று போதாது. அளவைக் கூட்டினால் கடனும் கூடும். சில மாதங்களில் அவன் சுகத்துக்காக எடுப்பதே இல்லை. சாதாரண மனிதனாக எழுந்து நிற்பதற்காக எடுக்கிறான்.

எடுக்காவிட்டால்? கடைசி அளவு எடுத்து எட்டுப் பன்னிரண்டு மணி நேரத்தில் கடன்காரன் வாசலுக்கு வந்துவிடுவான். கொட்டாவி, கண்ணிலும் மூக்கிலும் நீர், உடம்பெல்லாம் புல்லரிப்பு, குளிர், வியர்வை, வயிற்றுப் போக்கு, எலும்புக்குள் இருந்து யாரோ உடைப்பது போன்ற வலி. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். மேலே சொன்ன பிள்ளை மூன்றாம் நாள் ஓடியது ஏன் என்று இப்போது புரிகிறதா? ஒரு வாரத்தில் உடம்பு வலி பெரும்பாலும் தணியும். ஆனால் அந்த ஒரு வாரம் அவனுக்கு ஒரு வருடம்.

இங்கே ஒரு முக்கிய எச்சரிக்கை. ஹெராயினை நிறுத்தும்போது படும் வேதனை பெரிது என்றாலும் உயிர் போவது அரிது. ஆனால் பல வருடம் தினமும் அளவுக்கு மீறிக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, சித்தப் பிரமை வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். "இனிமேல் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதே" என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

பிடிக்கவில்லை, ஆனால் வேண்டும்

உடம்பு வலிதான் காரணம் என்றால், சிறையிலோ மறுவாழ்வு மையத்திலோ இரண்டு வருடம் இருந்து சுத்தமாக வந்தவன் மறுபடியும் ஏன் விழுகிறான்?

பிடிப்பது வேறு, வேண்டும் என்று இழுப்பது வேறு. மூளையில் இவை இரண்டும் தனித்தனி வேலை. பழக்கம் முற்ற முற்றப் 'பிடிப்பது' தேய்ந்துகொண்டே போகும். 'வேண்டும்' மட்டும் வளர்ந்துகொண்டே போகும். "எனக்கு இது பிடிக்கவே இல்லை" என்று அழுதுகொண்டே நெருப்புப் பெட்டியைத் தேடுபவன் நடிக்கவில்லை.

அந்த 'வேண்டும்' தனியாக வருவதும் இல்லை. பழைய பஸ் நிறுத்தம், சிகரெட்டின் ஈயத்தாள், லைட்டர் தட்டும் சத்தம், சம்பள நாள், ஒரு பழைய கூட்டாளியின் குரல், இவற்றோடெல்லாம் மூளை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. கருவாடு வறுக்கும் வாசனை வந்தால் நம் வாயில் எச்சில் ஊறுவதை நம்மால் தடுக்க முடிகிறதா? இரண்டு வருடம் கழித்து வந்தவன் அதே பஸ் நிறுத்தத்தில் இறங்குகிறான். அவன் ஒன்றும் நினைக்கும் முன்பே உள்ளங்கை வியர்க்கிறது.

அந்த நேரத்தில்தான் மரணமும் பக்கத்தில் நிற்கிறது. நிறுத்தியிருந்த காலத்தில் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். அவன் கைக்குத் தெரிந்ததோ பழைய அளவு. வெளியே வந்த முதல் வாரங்களில் பலர் இறப்பது இதனால்தான். மூச்சு மெதுவாகி, குறட்டை போல் இழுத்து, உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் "தூங்குகிறான்" என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடனே 999-ஐ அழையுங்கள். போலீஸ் கேட்குமே என்று யோசிக்கும் ஐந்து நிமிடத்தில் பிள்ளை போய்விடலாம்.

எல்லாரும் ஏன் ஆவதில்லை?

ஒரே கூட்டாளிக் கூட்டத்தில் ஐந்து பேர் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார்கள். நாலு பேர் விட்டுவிடுகிறார்கள், ஒருவன் மாட்டிக்கொள்கிறான். நாலு பேருக்கு மனவுறுதி, ஒருவனுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

முதல் காரணம் பிறப்பு. இந்தச் சாய்வில் ஏறத்தாழப் பாதி பரம்பரையாக வருவது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. குடிப் பழக்கம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இனிப்புநீர் உள்ள குடும்பத்தில் சீனியைக் குறைப்பதில்லையா, அதுபோல.

இரண்டாவது, வயது. 'வேண்டும்' என்று இழுக்கும் பகுதி பதினான்கு வயதிலேயே முழு வேகத்தில் ஓடுகிறது. 'பொறு' என்று பிடிக்கும் பகுதியோ இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுதாக முதிர்கிறது. பிரேக் பூட்டாத மோட்டார் சைக்கிள் அது. எவ்வளவு சிறு வயதில் தொடுகிறார்களோ அவ்வளவு ஆழமாக மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, மனவலி. சிறு வயதில் அடியும் அவமானமும் பட்ட பிள்ளைக்கு அந்தக் கம்பளிச் சூடு மற்றவர்களுக்கு இருப்பதைவிட இனிமையாக இருக்கும். அவன் அதுவரை போர்த்திக்கொண்டதே இல்லை.

நாலாவது, இருக்கும் இடம். வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 1971 வாக்கில் ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்தார். ஊர் திரும்பினால் நாடே கெடும் என்று பயந்தார்கள். ஆனால் அப்படி அடிமைப்பட்டவர்களில், திரும்பிய ஒரு வருடத்துக்குள் மறுபடியும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே என்று லீ ராபின்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தார். மருந்து அதே மருந்துதான். ஆனால் பயமும் சலிப்பும் நிறைந்த காடு போய், வீடும் வேலையும் உறவும் வந்துவிட்டன.

இதை நம் கதையோடு சேர்த்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் நீரிணைக் குடியேற்ற நாடுகளின் வருமானத்தில் சில ஆண்டுகளில் பாதி அளவுக்கு அபினிலிருந்து வந்தது. சீனத் தொழிலாளிக்கு அபின். தமிழ்த் தொழிலாளிக்குக் கள்ளு. கோயிலும் பள்ளிக்கூடமும் போலவே கள்ளுக்கடையும் தோட்டத்தின் அங்கமாக இருந்தது. நாள் முழுதும் மரம் வெட்டிய களைப்பு தீர அதைத் தவிர வேறு என்ன வைத்திருந்தார்கள்?

ஆனால் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். 1947-ல் கெடாவில் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கிப் போலீசின் அடக்குமுறைக்கு ஆளானார்கள். குடிப்பது தனி மனிதனின் குற்றம் மட்டும் அல்ல, அவனைச் சுற்றிப் பின்னிய வலையும் சேர்ந்தது என்று நம் பாட்டன்மார் அன்றே புரிந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைத் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின. கோயிலையும் உறவையும் திடலையும் விட்டுப் பட்டணத்து ஓரத்துக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, வலி பெரிதாக இருந்தது. மருந்தோ மாடிப்படிக்குக் கீழேயே கிடைத்தது.

1983-ல் அரசாங்கம் போதைப்பொருளை நாட்டின் பாதுகாப்புக்கே பெரும் மிரட்டல் என்று அறிவித்தது. கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனையும் வந்தது. அந்தக் கட்டாயம் 2023-ல் நீக்கப்பட்டது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் மூன்றாம் நாள் எலும்பு வலியில் துடிப்பவனுக்குச் சட்டப் புத்தகம் கண்ணில் தெரிவதில்லை.

நாம் என்ன செய்வது?

அடித்துப் பார்த்தோம், ஓடிப்போனான். மொட்டை போட்டோம், கயிறு கட்டினோம். "ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்று ஊரார் வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து, ஓர் உயிர் பட்ட பாட்டை இரண்டு உயிர் படும்படி செய்தோம். இந்தத் தவறை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சாமி கும்பிடுவது மனத்துக்குத் தெம்பு. கும்பிடுங்கள். அதோடு டாக்டரையும் பாருங்கள்.

அவன் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள். ஏறியிருக்கும்போது பேசுவது சுவரோடு பேசுவது. காசு கொடுக்காதீர்கள்; கடனை அடைக்காதீர்கள்; சோறு மட்டும் மறுக்காதீர்கள். "வீட்டுக் கதவு உனக்குத் திறந்திருக்கும், பணப்பெட்டி திறக்காது" என்று சொல்லி, அதில் உறுதியாக நில்லுங்கள்.

ஹெராயினுக்கு மெதடோன் என்ற மருந்து உண்டு. 2005 முதல் நம் நாட்டில் கொடுக்கப்பட்டு வருகிறது. அரசாங்க கிளினிக்குகள் பலவற்றில் கிடைக்கும். அதே பூட்டில் நுழையும், ஆனால் மெதுவாக, ஒரு நாள் முழுதும் தாங்கும் சாவி அது. ஏற்றமும் இறக்கமும் இல்லாததால் அவன் வேலைக்குப் போகலாம். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. காலொடிந்தவனுக்குக் கட்டை கொடுத்தால் குறை சொல்வோமா? சியாபுவுக்கு இப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. அங்கே ஆலோசனையும் துணையும் நாள் ஒழுங்கும்தான் மருந்து. அதிலும் தேறி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சறுக்கினால் மனம் உடையாதீர்கள். சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பேர் ஒருமுறையாவது சறுக்குகிறார்கள். இரத்தக் கொதிப்புக்காரர்கள் மருந்தை விட்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவதும் ஏறக்குறைய அதே அளவுதான். அவர்களை நாம் வீட்டை விட்டுத் துரத்துவதில்லை.

இப்போது அந்தத் தாயிடம் திரும்புவோம். "தெரிஞ்சே ஏண்டா செய்யிறே?" என்று கேட்டாள். அவனுக்குத் தெரிந்தது உண்மை, சத்தியமும் உண்மை. சத்தியம் செய்தது மனம். மூன்றாம் நாள் எழுந்து நடந்தது நோய். அந்த நோயைத் தனியாக அவன் தலையிலும், அந்த வெட்கத்தைத் தனியாக அந்தத் தாய் தலையிலும் நாம் சுமத்திவிட்டோம்.

உங்கள் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், பலகைச் சுவர் வழியாகக் கேட்பதை ஊருக்குச் சொல்லாதீர்கள். விடிந்ததும் போய்க் கதவைத் தட்டி, "அக்கா, கிளினிக்குக்கு நானும் துணைக்கு வர்றேன்" என்று சொல்லுங்கள். அந்தத் தாய் எத்தனை நாளாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.